காவல் நாயின் நடையைக் கவனியுங்கள்: நொண்டலைக் கண்டறியும் முறையும் சிகிச்சையும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலோ, தென்னந்தோப்போ, வாழைத் தோட்டமோ எதுவானாலும் காவலுக்கு ஒரு நாயாவது இருக்கும். மலையடிவாரத் தோட்டங்களில் இரவு நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் கண்ணயர்வதும் கிடை நாயை நம்பியே. ஆனால் மாடு நொண்டினால் அன்றே மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்பவர்கள்கூட, நாய் நொண்டினால் "இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

பல சமயம் அது சரியாகித்தான் விடுகிறது. ஆனால் சில சமயம் விரலிடுக்கில் ஏறிய ஒரு முள் சீழ் வைத்துக் காலையே கெடுத்துவிடுகிறது. இன்னும் சில சமயம், நொண்டல் என்று நினைத்தது நொண்டலாக இல்லாமல், வெறிநோயின் ஆரம்பமாக இருந்து வளர்த்தவரின் உயிருக்கே ஆபத்தாகிறது. ஆகவே நாய் எப்படி நடக்கிறது, நடை மாறினால் அதற்கு என்ன பொருள், என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை நாய் வளர்ப்போர் அனைவரும் அறிந்திருப்பது அவசியம்.

கோம்பையும் அதன் நாயும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் கோம்பை. இந்த ஊரின் பெயரையே தாங்கியது கோம்பை நாய். செவலை நிறம், கறுத்த முகம், அகன்ற மார்பு, இறுகிய தசை ஆகியவை இதன் அடையாளங்கள். முற்காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நாயை விட்டு வேட்டையாடுவது குற்றம். இன்று இதன் வேலை காவல் மட்டுமே. 2020 ஆகஸ்ட் மாதம் பிரதமர் தமது வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றோடு கோம்பையையும் குறிப்பிட்டபின், வெளியூர்க்காரர்களும் இந்த நாயைத் தேடுகிறார்கள்.

சிப்பிப்பாறையும் கன்னியும் சமவெளியில் முயலைத் துரத்தப் பழக்கப்பட்ட நாய்கள். ஒட்டிய வயிறும் நீண்ட காலும் கொண்டவை. கோம்பை அப்படியல்ல, பாறையிலும் புதரிலும் நின்று எதிர்த்துப் போராடும் உடல்வாகு உடையது. எனவே இரண்டின் நடையும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு நாயின் நடை கெட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அதன் நல்ல நடையைத் தெரிந்திருக்க வேண்டும்.

நாய் விரலால் நடக்கும் பிராணி

மனிதன் பாதம் முழுவதையும் தரையில் ஊன்றி நடக்கிறான். நாய் விரல்களை மட்டும் ஊன்றி நடக்கிறது. பின்னங்காலில் பின்புறமாக மடிந்து முழங்கால்போல் தெரிவது உண்மையில் முழங்கால் அல்ல. அதுதான் குதிகால் மூட்டு. உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டினாற்போல் இருக்கிறது. முன்னங்காலில் நடுவே தெரிவது மணிக்கட்டு. அதற்கு மேலே மார்பை ஒட்டி இருப்பது முழங்கை. இந்த விவரம் தெரிந்தால்தான் எந்த மூட்டில் நோவு என்று மருத்துவரிடம் சரியாகச் சொல்ல முடியும்.

நிற்கும்போது நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களும், 40 சதவீதத்தைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. 20 கிலோ எடையுள்ள நாய் என்றால், முன்கால் ஒவ்வொன்றிலும் சுமார் 6 கிலோவும், பின்கால் ஒவ்வொன்றிலும் சுமார் 4 கிலோவும் இறங்குகிறது. முன்கால்கள் உடலோடு எலும்பால் பிணைக்கப்படவில்லை. தசைகளே தொட்டில்போல் உடலைத் தாங்கிப் பிடிக்கின்றன. மேட்டிலிருந்து குதிக்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது இந்தத் தசைத் தொட்டில்தான். பின்கால்களோ இடுப்பெலும்போடு உறுதியாக மூட்டப்பட்டவை. உடலை முன்னே உந்தித் தள்ளுவது அவற்றின் வேலை. சுருங்கச் சொன்னால், முன்கால் தாங்குகிறது, பின்கால் தள்ளுகிறது.

நான்கு வகை ஓட்டம்

முதலாவது, சாதாரண நடை. இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்ற வரிசையில் நான்கு காலும் தனித்தனியே தரையில் படும். காது கொடுத்துக் கேட்டால் நான்கு தட்டு கேட்கும்.

இரண்டாவது, ஓட்டநடை. இடது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து ஊன்றும். பிறகு வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து ஊன்றும். இரண்டே தட்டு கேட்கும். வேலியோரமாகக் காவல் சுற்றும் நாய் பெரும்பாலும் இந்த ஓட்டத்தில்தான் போகும். நெடுநேரம் களைப்பின்றிப் போக இது ஏற்றது.

மூன்றாவது, குதியோட்டம். மூன்று தட்டு கேட்கும். ஓட்டநடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்டது.

நான்காவது, நாலுகால் பாய்ச்சல். முழு வேகத்தில் முதுகு வில்லாக வளைந்து நிமிரும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற துரத்தும் நாய்கள் ஒரு பாய்ச்சலில் இரண்டு முறை நான்கு காலும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் இருக்கும்: கால்களை உடலுக்குள் மடக்கும்போது ஒரு முறை, நீட்டி விரிக்கும்போது ஒரு முறை.

இவை தவிர, ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து போகும் ஒட்டகநடையும் உண்டு. சில நாய்களுக்கு இது இயல்பு. ஆனால் ஓட்டநடையில் போய்ப் பழகிய நாய் திடீரென்று இப்படி நடக்கத் தொடங்கினால், களைப்போ, உடல் பருத்ததோ, முதுகு அல்லது இடுப்பில் நோவோ காரணமாக இருக்கலாம்.

பிராணிகள் ஓடும்போது எந்தக் கால் எப்போது படுகிறது என்பதை வெறுங்கண்ணால் பிடிப்பது கடினம். 1878-ல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் குதிரை ஓடுவதை வரிசையாகப் புகைப்படம் எடுத்துக் காட்டிய பின்னரே இந்தச் சந்தேகம் தீர்ந்தது. 1887-ல் வெளியான அவரது படத் தொகுதியில் நாயும் இடம்பெற்றது. இன்று அந்த வசதி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. கைபேசியில் வேகம் குறைத்துப் படம் எடுத்தால் எந்தக் கால் கோளாறு என்பது தெளிவாகத் தெரியும். மருந்தகத்தில் அச்சத்தால் நாய் நொண்டலை மறைத்துக்கொள்வது உண்டு. அப்போது வீட்டில் எடுத்த படம் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

எந்தக் கால் என்று காண்பது எப்படி?

நாயைக் கழுத்துக்கயிறு தளர்வாக இருக்கும்படி ஒருவர் பிடித்து, சமமான, வழுக்காத தரையில் நடத்த வேண்டும். நெல் காயவைக்கும் களம் இதற்கு ஏற்றது. மற்றொருவர் முன்னிருந்தும், பின்னிருந்தும், பக்கவாட்டிலும் கவனிக்க வேண்டும். முதலில் நடை, பிறகு ஓட்டநடை. வேகமாகப் பாயவிட்டால் நொண்டல் மறைந்துவிடும். ஓட்டநடையில்தான் நன்றாக வெளிப்படும்.

முன்காலில் நோவு இருந்தால் தலையைக் கவனிக்க வேண்டும். நோவுள்ள கால் தரையில் படும் நேரத்தில் நாய் தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். நோவுள்ள காலில் எடை இறங்காமல் இருக்கவே இந்தத் தந்திரம். தலை தாழ்ந்தால் நல்ல கால், தலை உயர்ந்தால் நோவுக் கால் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பின்காலில் நோவு இருந்தால் இடுப்பைக் கவனிக்க வேண்டும். நோவுள்ள கால் ஊன்றும்போது அந்தப் பக்கத்து இடுப்பு மேலே எழும்பும். எடையை முன்னால் தள்ள நாய் தலையைத் தாழ்த்தும். முன்காலுக்குச் சொன்னதற்கு இது நேர்மாறாக இருப்பதால், தலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் இடுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நோவுள்ள காலின் எட்டு குட்டையாக இருக்கும். அந்தக் கால் தரையில் நிற்கும் நேரமும் குறைவு. நின்றுகொண்டிருக்கும்போது நல்ல காலின் விரல்கள் எடையால் விரிந்தும், நோவுக் காலின் விரல்கள் ஒடுங்கியும் காணப்படும். பல நாட்களாக நொண்டும் நாயானால், தையல்காரர் நாடாவால் இரு தொடைகளையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்து பார்க்கலாம். உபயோகிக்காத காலின் தசை வற்றி, அளவு குறைந்திருக்கும்.

கால் தெரிந்தபின் தொட்டுச் சோதிக்க வேண்டும். நோவு கண்ட நாய் எவ்வளவு பழகியதானாலும் கடிக்கக்கூடும். ஆகையால் துணியால் வாய்க்கட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. முதலில் நல்ல காலைத் தொட்டுப் பழக்கிவிட்டு, பிறகு நோவுக் காலுக்கு வர வேண்டும். விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி நகம், விரலிடுக்கு, பாத மெத்தை, மணிக்கட்டு அல்லது குதிமூட்டு, முழங்கை அல்லது முழங்கால், தோள் அல்லது இடுப்பு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். சூடு, வீக்கம், நாற்றம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். காரணம் பெரும்பாலும் பாதத்திலேயே இருக்கும்.

முள்ளும் கம்பியும் தார்ச் சாலையும்

இப்பகுதியில் அதிகம் காணப்படுவது முள் தைத்த நொண்டல். சீமைக் கருவேல முள் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். திராட்சைப் பந்தலில் அறுந்து கிடக்கும் கம்பித் துண்டும், வாய்க்கால் ஓரத்து உடைந்த பாட்டிலும் பாதத்தைக் கிழிக்கும். முள் கண்ணுக்குத் தெரிந்தால் சுத்தமான இடுக்கியால் நேராக இழுத்து எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் இரண்டு தேக்கரண்டி உப்புக் கலந்து காலை மாலை கழுவி, அயோடின் மருந்து தடவி வரலாம். இரண்டு நாளில் வீக்கம் வற்றாவிட்டால் உள்ளே துண்டு தங்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். மருத்துவர் கீறி எடுப்பதே வழி.

சங்கிலியிலேயே கட்டிக் கிடக்கும் நாய்க்கு நகம் தேய்வதில்லை. அது வளைந்து வளர்ந்து மெத்தையில் குத்தும். நடக்கும்போது சிமெண்டுத் தரையில் நகம் 'டக் டக்' என்று தட்டும் ஓசை கேட்டால், நகம் வெட்டும் காலம் வந்துவிட்டது என்று பொருள். நகத்தின் உள்ளே இரத்தக் குழாய் உண்டு; நுனியை மட்டும் சிறிது சிறிதாக வெட்ட வேண்டும்.

கோடையில் உச்சி வெயிலில் தார்ச் சாலையில் நடத்திச் சென்றால் பாத மெத்தை வெந்து உரிந்துவிடும். புறங்கையைச் சாலையில் வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் பொறுக்காது.

உண்ணியால் வரும் நொண்டல்

இன்று ஒரு கால், நாளை வேறொரு கால் என்று மாறி மாறி நொண்டும் நாயை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உண்ணி கடிப்பதால் பரவும் காய்ச்சலில் மூட்டுகள் வீங்கி இப்படி நேரும். உணவு மறுத்தல், ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவையும் சேர்ந்து வரலாம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை; அதற்கு மேல் போனால் காய்ச்சல். இரத்தப் பரிசோதனையில் நோயை உறுதி செய்து, டாக்சிசைக்ளின் மருந்தைச் சுமார் நான்கு வாரம் தொடர்ந்து கொடுப்பார்கள். நாய் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். நாய்க்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது. அது படுக்கும் சாக்கு, சுவரிடுக்கு, மாட்டுக்கொட்டில் ஆகியவற்றிலும் உண்ணியை ஒழிக்க வேண்டும்.

எலும்பு முறிவும் மூட்டு விலகலும்

தேனி–குமுளி சாலையை ஒட்டிய ஊர்களில் வாகனம் மோதி அடிபடும் நாய்கள் அநேகம். கால் தொங்கினாலோ, இயற்கைக்கு மாறாக வளைந்தாலோ முறிவு என்று கொள்ளலாம். இடுப்பு மூட்டு விலகினால் அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரியும். பாதத்தை ஊன்றாமல் வயிற்றுக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். விலகிய மூட்டை மயக்கம் கொடுத்து உள்ளே தள்ளிவிடலாம். ஆனால் நாள் தள்ளத் தள்ளத் தசை இறுகி, அறுவைச் சிகிச்சை இல்லாமல் முடியாது என்ற நிலை வந்துவிடும்.

காயமே இல்லாமல் பின்காலின் விரல் நுனியை மட்டும் தரையில் தொட்டு நிற்பதும், உட்காரும்போது காலைப் பக்கவாட்டில் நீட்டிவிடுவதும் முழங்கால் நரம்பு நாண் அறுந்ததற்கு அடையாளம். பொமரேனியன் போன்ற சிறு நாய்கள் நடக்கும்போது இடையில் ஒரு காலைத் தூக்கி இரண்டு மூன்று எட்டுத் துள்ளிவிட்டு, மறுபடி ஒன்றும் நடவாததுபோல் நடந்தால், முழங்கால் சில்லு நழுவுகிறது என்று அறியலாம். அல்சேஷன், லாப்ரடார் போன்ற கனத்த வெளிநாட்டு நாய்கள் ஓடும்போது இரண்டு பின்காலையும் சேர்த்து முயல்போல் குதித்தால், இடுப்பு மூட்டு சரியாக அமையாத பரம்பரைக் கோளாறு இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தெரியும். இத்தகைய நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது.

குட்டிகளின் கால் வளைவது ஏன்?

வெறும் சோறும் ரசமும், அல்லது எலும்பில்லாத கறி மட்டும் கொடுத்து வளர்க்கப்படும் குட்டிகளுக்குக் கால் வளைவதும், சிறு குதிப்பிலேயே எலும்பு முறிவதும் உண்டு. கறியில் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. சோறும் அப்படித்தான். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறையும்போது உடல் அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ள, எலும்பு மெலிந்துபோகிறது. பால், வேகவைத்த முட்டை, கேழ்வரகுக் கூழ், கறி ஆகியவற்றைக் கலந்து கொடுப்பதோடு, சுண்ணாம்புச் சத்து மருந்து எவ்வளவு தேவை என்பதை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அதுவும் கேடு. வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிகளின் எலும்பை அது கெடுத்துவிடும்.

நொண்டல் வேறு, தள்ளாட்டம் வேறு

இந்த வேறுபாட்டை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். நொண்டும் நாய்க்கு நோவு உண்டு. ஆனால் காலை எங்கே வைக்கிறோம் என்பது அதற்குத் தெரியும். தள்ளாடும் நாய்க்கு அது தெரியாது. பாதம் மடிந்து புறங்காலால் ஊன்றும், நகத்தின் மேற்புறம் தேயும், கால்கள் பின்னும், திரும்பும்போது இடுப்பு சாயும். இது எலும்பில் உள்ள கோளாறு அல்ல. நரம்பிலோ, மூளையிலோ, முதுகுத்தண்டிலோ உள்ளது.

பூச்சிமருந்து தெளித்த அன்று, மருந்து கலந்த வாளியை நக்கிய நாய் நடுக்கத்தோடும் எச்சில் வழிந்தும் தள்ளாடலாம். பாம்பு தீண்டினாலும் தள்ளாட்டம் வரும். விரியன் கடியில் கால் சடுதியில் வீங்கும். கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். நேரே மருந்தகம் செல்ல வேண்டும். தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு டிஸ்டம்பர் நோயில் காய்ச்சல், கண் மூக்கில் சீழ், பின்னர் தசைத் துடிப்பு, தள்ளாட்டம் என்று வரிசையாக வரும்.

எல்லாவற்றிலும் கொடியது வெறிநோய். வெறிநோய் கண்ட நாய் எல்லாமே கண்டவரைத் துரத்திக் கடிக்கும் என்று நினைப்பது தவறு. ஒரு வகையில் நாய் அமைதியாக ஒதுங்கியிருக்கும். பின்கால் இழுக்கும், தாடை தொங்கும், எச்சில் வழியும், விழுங்க முடியாது, குரல் மாறும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. எச்சிலில்தான் நோய்க்கிருமி இருக்கிறது. இத்தகைய நாயைத் தொடாமல் தனியே அடைத்து, குழந்தைகளை விலக்கி, கால்நடை மருத்துவருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கடித்தாலோ, கீறலில் எச்சில் பட்டாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மனிதருக்கு நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை எனலாம். நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஓர் ஊசி என்று போட்டுவந்தால் இந்த அச்சமே வேண்டாம்.

செய்யக்கூடாதவை

நோவு தீர மனிதருக்கான மாத்திரை கொடுக்கக்கூடாது. இபுபுரூபன், டைக்ளோபினாக் ஆகியவை நாயின் குடலில் புண் உண்டாக்கி இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமாலும் அளவு தவறினால் ஈரலுக்கு நஞ்சு. கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் உபயோகிப்பதே, அதனால் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததை முன்னிட்டு, 2006-ல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. மாட்டுக்கு வாங்கி மீந்த ஊசி மருந்தை நாய்க்குப் போடுவதும் ஆபத்து.

சூடு வைப்பது வேண்டாம். சூட்டுப் புண்ணின் வேதனையில் நாய் பழைய நோவை மறைக்கிறதே தவிர, நோய் தீர்வதில்லை. முறிந்த காலை மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டி எண்ணெய் ஊற்றிவருவதும் தவறு. இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பாதம் அழுகி, கடைசியில் காலையே எடுக்க நேரும். புழு வைத்த புண்ணில் பெட்ரோல், மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றக்கூடாது. நாய் நக்கினால் அவை வயிற்றுக்குள் போய்விடும்.

முதலுதவி

அடிபட்ட நாய்க்கு வாந்தியோ மூச்சுத் திணறலோ இல்லையானால் வாய்க்கட்டுப் போடலாம். பலகையிலோ, இருவர் விரித்துப் பிடித்த சாக்கிலோ கிடத்தித் தூக்கிச் செல்ல வேண்டும். காலைப் பிடித்துத் தூக்கக்கூடாது. இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். முறிந்த காலை நேராக்க முயலாமல், ஒரு துண்டைச் சுற்றி அசையாமல் வைத்தால் போதும். மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் வழியில் தீனி கொடுக்க வேண்டாம்.

சுளுக்கு வீக்கத்துக்கு முதல் இரண்டு மூன்று நாள், துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் ஒற்றலாம். அதன்பின் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம்.

கட்டு அவிழ்த்தபின்

முறிந்த எலும்பு கூட, வளர்ந்த நாய்க்கு ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். சில சமயம் கூடுதலாகவும் ஆகும். இளங்குட்டிக்கு மூன்று நான்கு வாரம் போதும். கட்டுப் போட்டிருக்கும் நாட்களில் காலையும் மாலையும் விரல் நுனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரல் சில்லிட்டாலோ, வீங்கி விரிந்தாலோ, நாற்றம் அடித்தாலோ அன்றே கட்டை அவிழ்க்கச் செய்ய வேண்டும். கட்டு நனையக்கூடாது.

கட்டு அவிழ்த்ததும் நாயை ஓடவிடுவது பலர் செய்யும் பிழை. எலும்பு கூடியிருந்தாலும் தசை வற்றியிருக்கும். முதல் வாரம் கயிற்றில் பிடித்து ஐந்து ஐந்து நிமிடமாக நாளுக்கு மூன்று முறை மெதுவாக நடத்த வேண்டும். மெதுவாக நடந்தால்தான் நாய் நோவுக் காலையும் ஊன்றும். வேகமாகப் போனால் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் போய்விடும். வாரம் ஐந்து நிமிடம் வீதம் கூட்டலாம். காயம் முற்றிலும் ஆறியபின், இழுப்பு இல்லாத வாய்க்காலில் நாயின் வயிற்றளவு நீரில் நடத்துவது நல்ல பயிற்சி. நீர் எடையைத் தாங்கிக்கொள்வதால் மூட்டு நோகாமல் தசை வலுப்பெறும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொடையை நாடாவால் அளந்து குறித்து வந்தால் முன்னேற்றம் தெரியும்.

உடல் பருத்த நாயின் மூட்டு விரைவில் தேயும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் தீனியைக் குறைக்க வேண்டும்.

வாங்கும்போதே பாருங்கள்

கோம்பைக் குட்டி வாங்க வருவோர் நிறத்தையும் முகக்கறுப்பையும் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். தாயையும் தந்தையையும் களத்தில் ஓட்டநடையில் நடத்திக் காட்டச் சொல்லிப் பார்ப்பதே முறை. பின்னிருந்து பார்த்தால் பின்கால் முன்காலின் நேர்கோட்டில் போக வேண்டும். குதிமூட்டுகள் ஒன்றோடொன்று உரசக்கூடாது. முதுகு ஆடாமல் செல்ல வேண்டும். இனத் தூய்மை என்ற பெயரில் நெருங்கிய இரத்த உறவில் தொடர்ந்து இணை சேர்ப்பதால் மூட்டுக் கோளாறுகள் பெருகும். நடை கெட்ட நாயைக் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம், வம்சத்துக்கு விடக்கூடாது. ஊர்ப் பெயரைச் சுமக்கும் ஓர் இனம் கால் வலுவோடு நிலைப்பது இந்த ஒரு கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

உதவி கிடைக்கும் இடம்

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். எக்ஸ்ரே, அறுவைச் சிகிச்சை போன்றவை தேவைப்பட்டால் எங்கே செல்வது என்று அங்கேயே சொல்வார்கள். தேனியை அடுத்த வீரபாண்டியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவக் கல்லூரி 2020-ல் தொடங்கப்பட்டது. போகுமுன் எந்தக் கால், எத்தனை நாளாக, காலையில் எழும்போது அதிகமா அல்லது ஓடியபின் அதிகமா, தீனி எடுக்கிறதா, கடைசியாகத் தடுப்பூசி போட்டது எப்போது என்ற ஐந்து விவரங்களைக் குறித்துக்கொண்டு போனால் மருத்துவரின் வேலை பாதி குறையும்.

24 மணி நேரத்துக்கு மேல் காலை அறவே ஊன்றாத நாய், காய்ச்சலுள்ள நாய், கால் வளைந்து தொங்கும் நாய், தள்ளாடும் நாய் ஆகிய நான்கையும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். மற்ற நொண்டலுக்கு மூன்று நாள் கட்டி வைத்து ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். அதற்குள் சரியாகாவிட்டால், நான்காம் நாள் மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றுவிட வேண்டும்.